பதினேழாம் நம்பர் சுத்தியல்

என் தம்பிக்குக் கடற்படையில் பாம்புச்செவி என்று பட்டப்பெயர். ஒளிந்து வரும் நீர்மூழ்கியை ஒலிக்கருவியில் காது கொடுத்துக் கண்டுபிடிப்பது அவன் வேலை. அவன் போகும் கப்பலின் அடித்தட்டில் பாதியை வெல்டிங்கில் பற்றவைத்தவள் நான். வெளிநாட்டுக்காரன் தயவில்லாமல் நாங்களே கட்டிய முதல் நீர்மூழ்கி வேட்டைக் கப்பல். அக்கா கட்டினாள், தம்பி காக்கிறான் என்று அம்மா தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாள். நான் தடுக்கவில்லை, எனக்கும் பெருமை தலைக்கேறியிருந்தது.

எங்கள் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு வழக்கம். அடித்தட்டு அறைக்குள் போகும் ஒவ்வொரு கருவிக்கும் எண் உண்டு. வெளியே வந்ததும் ஸ்டோர்க்காரர் எண்ணைப் பார்த்து டிக் அடிப்பார், நான் கையெழுத்துப் போடுவேன். அதன்பிறகுதான் அறையைப் பற்றவைத்து மூடுவார்கள். பற்றவைத்த இடத்தில் கசடு தட்டும் என் சுத்தியல் பதினேழு. எண்ணை மரக்கைப்பிடியில் பொறித்திருந்தார்கள். கடைசி நாள் அதன் தலை கழன்று உள்ளே விழுந்தது, கிரைண்டர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கருவிகளைப் பையோடு கொண்டுவந்து வைத்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடிகளில் ஸ்டோர்க்காரர் எண்ணைப் பார்த்தார். நான் அதைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் பையைத் திறந்தால் மொட்டைக் கைப்பிடி. அதற்குள் அறையை மூடிவிட்டார்கள்.

அரைக் கிலோ இரும்பு என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான். தும்பை விட்டுவிட்டேன்.

கப்பல் கடலுக்குப் போன ஆறாம் மாதம் தம்பி போன் செய்தான். "அக்கா, மெதுவா போறப்ப அடியில ஏதோ டொக்குனு தட்டுது. எனக்கு மட்டுந்தான் கேக்குது. காது போச்சுங்கறாங்க. டெஸ்டுக்கு அனுப்பறாங்க."

என் சுத்தியலின் தலைதான். மெதுவாகப் போகும்போதுதான் அவர்கள் நீர்மூழ்கியைத் தேடுவார்கள்.

காலையில் கைப்பிடியை மேனேஜர் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"பதினேழு வந்தாச்சுன்னு டிக் இருக்கு. கீழ உங்க கையெழுத்து. அப்புறம் என்னம்மா?"

"தலை உள்ள கிடக்கு சார்!"

"நம்பர் கைப்பிடிக்குத்தானே? கைப்பிடி இதோ இருக்கு." சொல்லிவிட்டு அவரே தலையைச் சொறிந்துகொண்டார். "கப்பலை ஒப்படைச்சாச்சும்மா. திறக்கணும்னா தண்ணியிலேர்ந்து மேடைக்கு ஏத்தணும். அங்க அடுத்த கப்பல் நிக்குது. எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்."

மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். கிணற்றில் போட்ட கல்தான். ஒரு பிரதியைத் தம்பிக்கும் அனுப்பினேன். கடற்படை விசாரித்தபோது எங்கள் தளம் அனுப்பிய பதிலில் பதிவேட்டின் நகல் இருந்தது. உள்ளே எதுவும் இல்லை என்பதற்கு ஆதாரம் என் கையெழுத்து. தன் கையே தன் கண்ணைக் குத்தும் என்பார்கள். என் கை தம்பியின் காதைக் குத்தியது.

விடுப்பில் வீட்டுக்கு வந்தவனிடம் அழுதுகொண்டே நேரிலும் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன் லெட்டரைக் காட்டினேன்க்கா. தம்பிக்காக அக்கா பழியைத் தலையில போட்டுக்கறான்னு சிரிக்கறாங்க. காது டெஸ்டுல ஒரு குறையும் இல்ல. அப்ப மனசுலதான் கோளாறாம். கப்பலை விட்டு இறக்கிடுவோம்னாங்க."

"நீ என்னடா சொன்னே?"

"இப்ப கேக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். திங்கக்கிழமை கப்பலுக்குப் போறேன்."

உள்ளேயிருந்து அம்மா அவன் சட்டைகளை மடித்தபடி யாரிடமோ போனில் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"நிஜமாவே நீர்மூழ்கி ஒண்ணு அடியில வந்தா?"

அவன் அம்மா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அதுவும் முதல்ல டொக்குனுதான்க்கா கேக்கும். இப்பல்லாம் எது தட்டினாலும் உன் சுத்தியல்தான்னு விட்டுடறேன்."