கருவிக்கு வைத்த சந்தனம்

ஒரு வாரமாகத் தேவிஸ்ரீக்குச் சோறு இறங்கவில்லை. லூபோக் சீனா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் பழைய மர மண்டபத்தில், காற்றின் ஈரத்தை அளக்க அவள்தான் ஒரு கருவியை மாட்டியிருந்தாள். கணக்கு அவள் கைபேசிக்கே வந்துவிடும். அதுவரை அடங்கிக் கிடந்த எண், போன வாரம் திடீரென்று தொண்ணூற்றாறு சதவீதத்துக்கு ஏறி அங்கேயே நின்றது. கூரை ஒழுகுகிறது, உத்திரம் மக்குகிறது என்று, பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் அவள் அலுவலகத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை பிரிக்க ஆள் வரும். பிரித்த கூரையை எவரும் திரும்பப் போட்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

ஆயர் குரோ நகரிலிருந்து காரை விரட்டி வந்தாள். மண்டபக் காவலர் இருளாண்டி கதவைத் திறந்தார்.

"என்னம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"மண்டபம் போயிடும் போல, மாமா."

அண்ணாந்தபடியே உள்ளே போனாள். ஏணியில் ஏறி உத்திரத்தைத் தட்டினாள், கணீரென்றது. ஈரம் பார்க்கும் ஊசியைக் குத்தினாள், இறங்க மறுத்தது. நன்றாகக் காய்ந்த மரம். மறுமுனையிலும் அப்படியே.

இறங்கும்போதுதான் தூணில் இருந்த கருவியைப் பார்த்தாள். ஈர மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. காற்றுப் போகும் துளைகளை அடைத்துத் தடியாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"மாமா, இது என்ன?"

"ஆயுத பூஜை லா. பாராங் கத்தி, ஏணி, புல்லு வெட்டுற மிஷின், எல்லாத்துக்கும் வெச்சேன். உன் பெட்டிய மட்டும் விட்டா அது மனசு நோகாதா?"

"பூஜை முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சே!"

"மத்ததுக்கெல்லாம் ராத்திரி லீவு. இதுதான் கண்ணு மூடாம மினுக்கு மினுக்குனு வேலை செய்யுது. பாவம்னு தினம் புதுசா வைக்கிறேன்."

தேவிஸ்ரீ ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும்.

சரத்தைக் கழற்றினாள். துளைகளைத் துடைத்தாள். இருவரும் வாசலில் காத்திருந்தார்கள். எண் எண்பதுக்கு இறங்கியது. பிறகு எழுபதுக்கு.

அலுவலகத்துக்குப் பேசினாள். "திங்கட்கிழமை ஆள் வேணாம் சார். மரம் கல்லு மாதிரி இருக்கு. கருவிக்குத்தான் அலங்காரம் கூடிப்போச்சு."

இருளாண்டி கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். "அப்ப அது இனி வெறும் நெத்தியோடதான் இருக்கணுமா?"

"தூணுக்கு வைங்க மாமா."

"தூணா? அது என்ன வேலை செய்யுது?"

"கூரையத் தாங்குதே."

அவர் யோசித்தார். தூணுக்குப் பொட்டு வைத்தார்.

"மாமா," என்றாள் தேவிஸ்ரீ, "வீட்டுல சோறு இருக்கா?"