செத்தவர் பெயரில் ஓடிய வண்டி

கம்பாலாவில் பழைய கார் விற்கும் மைதானத்தின் வாசலில் எனக்கு ஒரு மேஜை, ஒரு தட்டச்சு இயந்திரம், ஒரு ரப்பர் முத்திரை. விற்பனை ஒப்பந்தம் அடித்துத் தருவேன். கேட்டால் புத்தியும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். எஞ்சின் எண்ணைச் சுரண்டியிருக்கிறார்களா பார், அடியில் துரு இருக்கிறதா பார், வாங்கிய மாதமே பதிவுப் புத்தகத்தில் பெயரை மாற்று. முதல் இரண்டையும் கேட்பார்கள். மூன்றாவதை ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

கசிரியேவும் கேட்கவில்லை. லுப்வாமா என்ற ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் ஒரு வெள்ளை டொயோட்டாவைத் தொண்ணூறு லட்சம் ஷில்லிங்குக்கு வாங்கி வாடகைக்கு ஓட்டினான். எங்கள் ஷில்லிங்கில் ஒரு ஆடே இரண்டு லட்சம் ஆகும்; ஆனாலும் அம்மாவின் நிலத்தை விற்ற காசு அது. அந்த வண்டியை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. வாத்தியார் பெயர்மாற்றப் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரையும் தேதியையும் காலியாக விட்டுக் கொடுத்தார். இங்கே எல்லோரும் அப்படித்தான். நாளைக்கு வண்டியை இன்னொருவனிடம் தள்ளும்போது படிவத்தையும் சேர்த்துத் தள்ளிவிடலாம். நடுவில் யாரும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

"அந்தக் கட்டணத்துல ரெண்டு டயர் வாங்கிருவேன் அக்கா" என்றான்.

"வாங்கு. வண்டி யாருதுன்னு எவனாவது கேட்டா டயரைக் காட்டு."

நான் மட்டும் என்ன யோக்கியமா? ஒப்பந்தத்தில் விலையை முப்பது லட்சம் என்று அடித்தவள் நான். என்றைக்காவது பெயர் மாற்றப் போனால் வரி குறையட்டும் என்று. என் மேஜையில் எல்லாத் தாளும் அப்படித்தான் போகும். அதற்காகத்தான் என்னிடம் வருகிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து லுப்வாமா இறந்துபோனார். சேதி கேட்டதும் கசிரியே அந்தக் காலிப் படிவத்தோடு ஓடிவந்தான்.

"போன மாசத் தேதி போட்டு அடிச்சுக் குடுங்க அக்கா."

"போன மாசம் பூரா அவர் பேச்சு மூச்சில்லாம ஆஸ்பத்திரில கெடந்தாரு. அதுக்கு முந்தின தேதி போட்டாலும் செத்தப்புறம் நிரப்புனதுன்னு கண்டுபிடிச்சிருவாங்க. மாட்டுனா ஜெயிலுதான். பேசாம அடக்கத்துக்குப் போ. செத்தவரோட கொடுக்கல் வாங்கல் இருக்கிறவங்க சொல்லுங்கன்னு கேப்பாங்கல்ல, அப்ப எந்திரிச்சு ஒப்பந்தத்தைக் காட்டு. அன்னிக்கு வாய மூடிட்டு இருந்துட்டா அப்புறம் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

"நீங்களும் வாங்கக்கா. அடிச்சது நீங்கதான?"

அவன் வண்டியிலேயே போனோம். ம்பிகி பக்கம் வாத்தியாரின் ஊர். அங்கே வாழைத்தோப்புக்குள் குழி வெட்டியிருந்தார்கள். மரப்பட்டைத் துணியில் சுற்றிய உடலைக் குழியில் இறக்குவதற்கு முன் குலப் பெரியவர் வழக்கப்படி கேட்டார். ஒருவர் எழுந்து, வாத்தியாரின் சைக்கிள் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். அடுத்து கசிரியே எழுந்து ஒப்பந்தத்தை நீட்டினான்.

வாத்தியாரின் மூத்த மகன் முவோங்கே அதை வாங்கி உரக்கப் படித்தான்.

"முப்பது லட்சம். காரு வாங்குனியா தம்பி, ஆடு வாங்குனியா?"

சிலர் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண், "வயசானவர ஏமாத்திட்டானே பாவி" என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"தொண்ணூறு குடுத்தேண்ணே. எண்ணிக் குடுத்தேன். தாள்ல மட்டுந்தான் கொறச்சுப் போட்டது" என்றான் கசிரியே.

"அப்ப தாள் பொய்யா?" என்றான் முவோங்கே.

ஊர்த் தலைவர் தாளைக் கையில் வாங்கினார். என்னைப் பார்த்தார்.

"முத்திரை உங்களுதாம்மா?"

"ஆமாங்கய்யா."

"இதுல போட்டிருக்கிற தொகை உண்மையா?"

காசு கைமாறும்போது என் மேஜையருகே மூன்று பேர் இருந்தோம். ஒருவர் மரப்பட்டைத் துணிக்குள் கிடந்தார். கசிரியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நம்பிக்கையாகத்தான். பொய் என்று சொன்னால் அடுத்த கேள்வி, இதுபோல் எத்தனை தாள் அடித்தாய் என்பதுதான். திங்கட்கிழமை என் மேஜை முன்னால் போலீஸ் நிற்கும். பயந்துவிட்டேன். இதை வேறு எப்படியும் அழகாகச் சொல்ல முடியாது.

"போட்டிருக்கிறதுதான் உண்மை" என்றேன்.

இந்த விலைக்கு அப்பா மனதறிந்து விற்றிருக்க மாட்டார், பதிவுப் புத்தகமும் அவர் பெயரிலேயே இருப்பதால் வண்டி வீட்டுக்குத்தான் சொந்தம், ஆனாலும் அந்த முப்பது லட்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்றான் முவோங்கே. பெருந்தன்மை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கசிரியேவின் வீட்டுச் சாவியும் அதே வளையத்தில்தான் கிடந்தது. கார் சாவியை மட்டும் பிரித்தெடுக்க அவனுக்கு வெகு நேரம் பிடித்தது. யாரும் உதவவில்லை.

தார்ச்சாலைவரை நடந்தே வந்தோம். வாயை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்காரு. கேஸு போடலாம் கசிரியே."

வளையத்தில் மிஞ்சியிருந்த வீட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சாட்சி யாருன்னு கேட்டா என்ன சொல்லட்டும் அக்கா?"

குத்திக்காட்டவில்லை. எப்போதும் போல என்னிடம் யோசனைதான் கேட்டான்.