ஆறு பெயருக்குப் பிறகு

1

இந்தக் கதை எனக்குச் சங்கக்கடை வரிசையில் பிடித்தது. தடிமன் பிடிப்பது போலத்தான்: முன்னால் நின்றவன் தும்மினான், எனக்கு வந்துவிட்டது.

துணி தோய்க்கச் சவர்க்காரம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு நின்ற வரிசை. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, மாசி மாதம். சண்டை நிறுத்தம் என்றார்கள். நான் அதை நம்பவில்லை, ஆனாலும் சவர்க்காரத்துக்காக நின்றேன். முன்னால் இரண்டு பேர் பந்து விளையாட்டைப் பற்றிக் கதைத்தார்கள்.

"செத்தவை அவங்கடை ஆக்கள். நாங்கள் ஏன் எழும்பி நிக்கவேணும்?"

"அவங்கடை ஆக்கள் எண்டபடியாத்தான் நிக்கவேணும்."

அதற்குள் சவர்க்காரம் முடிந்துவிட்டது. அவர்கள் போய்விட்டார்கள். எனக்கு இது மட்டும் மிச்சம்.

வாசிக்கிறவருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை, எழுதுகிறவர்களை நம்பியதுமில்லை. சாவை எழுத வருகிறவன் முதலில் அதற்குச் சட்டை போட்டுப் பவுடர் பூசப் பார்ப்பான். நான் எங்கேயாவது பவுடர் பூசினால் அந்த இடத்தோடு மூடி வையுங்கள். ஊர்ப்பெயரும் எழுதமாட்டேன். கரையில் ஓர் ஊர், அதற்கு ஒரு மேற்கு முனை, ஒரு கிழக்கு முனை. அது போதும்.

2

தொடக்கம், முதலாவது:

"கடல் அன்று கறுத்திருந்தது, வானமோ —"

கடல் கறுத்திருந்ததை யார் கண்டது? கண்டவர்கள் ஏழு பேர். அவர்களிடம் போய்க் கேட்க முடியாது.

தொடக்கம், இரண்டாவது:

"மேற்கு முனையின் நீலத்திரைக் கழகமும் கிழக்கு முனையின் கடற்குருவிக் கழகமும் உதைபந்தாட்ட உலகில் இரு துருவங்களாக —"

இது பொன்விழா மலரில் வருகிற வசனம். அடித்துவிட்டேன்.

மூன்றாவதையே வைத்துக்கொள்கிறேன். களைத்துப் போனேன்.

சந்தியோகு முற்றத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீலத்திரைக் கழகத்துச் செயலாளர் அருட்பிரகாசம் சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு உள்ளே வந்தான். முப்பது வயது, வாத்தியார் வேலை, சட்டைப்பையில் இரண்டு பேனை.

"அண்ணை, உங்களைத் தேடித்தான் வந்தனான்."

"என்னைத் தேடித்தானே வருவாய். என்ரை மனுசியைத் தேடி வந்திருந்தால் காலை முறிச்சிருப்பன்."

"ஓம், என்னைத் தேடி ஆக்கள் வரிசையிலை நிக்கினம்," என்றாள் சிசிலியா குசினிக்குள் இருந்து.

அருட்பிரகாசம் சிரிக்கவில்லை. அவன் பெரிய விஷயத்தோடு வந்திருந்தான். பங்குனியில் இறுதியாட்டம், கடற்குருவியோடு. தொடங்குமுன் ஒரு நிமிஷம் மைதானம் முழுக்க எழும்பி நிற்க வேண்டும். நீலத்திரைப் பக்கத்துச் சனம் கறுப்புத் துணி கட்டும். பெயர்களை எழுதிப் பெரிய பதாகை.

"ஆருக்கு?"

"அறுபத்தொன்பதிலை வள்ளத்திலை போன கடற்குருவிக்காரருக்கு. ஏழு பேருக்கும். நீங்கள்தான் அண்ணை பெயர்களை வாசிக்கவேணும். அப்ப எங்கடை கப்டன் நீங்களெல்லே."

சந்தியோகு அவனுடைய இரண்டு பேனையையும் பார்த்தார். இரண்டு பேனை வைத்திருக்கிறவன் எதையும் எழுதிக் கொண்டுவந்துதான் கேட்பான் என்பது அவருடைய எண்ணம். அப்படித்தான். பட்டியல் பைக்குள் இருந்தது.

3

நடந்ததைச் சொல்லாவிட்டால் பட்டியல் விளங்காது.

அறுபத்தொன்பதில் கடற்குருவி ஆட்டக்காரர் ஏழு பேர் தீவுப் பக்கம் ஒரு போட்டி விளையாடிவிட்டுத் திரும்பினார்கள். வள்ளம் கவிழ்ந்தது. மூன்று நாளில் ஆறு உடல்கள் கரைக்கு வந்தன. ஏழாவது ஆள் வரவில்லை. அடுத்த ஞாயிறு நீலத்திரையோடு இறுதியாட்டம். எதிரில் ஆளில்லாதபடியால் விளையாடாமலே கோப்பையைக் கொடுத்தார்கள். வாங்கிய கை சந்தியோகுவினுடையது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எழுதக் கூசுகிறது. இரண்டு வருஷம் கழித்துக் கடற்குருவி புது ஆட்களோடு மைதானத்துக்கு வந்தபோது, நீலத்திரைப் பக்கத்தில் ஒருவன் நிலத்தில் குந்தி இருந்துகொண்டு துடுப்பு வலிப்பது போலக் கையை ஆட்டினான். சிரித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் பத்துப் பேர் வலித்தார்கள். பிறகு அதுவே வழக்கம். ஒரு கோல் விழுந்தால் பக்கம் முழுக்க வரிசையாக இருந்து வலிக்கும். எண்பத்துமூன்று, எண்பத்துநான்கு வரைக்கும் நடந்தது. திருந்தி விட்டதாக நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு இரண்டு முனையிலும் வள்ளங்கள் கடற்படையிடம் சூடு வாங்கின, இரண்டு முனைக்கும் பிரேதங்கள் வந்தன. கை எழும்பவில்லை, அவ்வளவுதான்.*

முதல் வரைவில், அந்த முதல் துடுப்பைப் போட்டவர் சந்தியோகு என்று எழுதினேன். பிறகு பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. கோப்பை வாங்கியவனே துடுப்பும் போட்டான் என்றால் கதைக்கு நல்ல வசதி. வசதியாய் வருவதைக் கண்டால் எனக்குச் சந்தேகம். முதல் ஆள் யாரென்று ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. சந்தியோகு மைதானத்துக்குள் நின்றார், திரும்பிப் பார்த்தார், சிரித்தார். அப்படியே இருக்கட்டும்.

(* நானும் வலித்தவன். எத்தனை தரம் என்று கேட்காதீர்கள்.)

4

சந்தியோகு ஓம் என்றார். ஏன் ஓம் என்றார் என்பதற்கு ஒரு பக்கம் எழுதினேன். மனச்சாட்சி, வயது, பாவசங்கீர்த்தனம் என்றெல்லாம் வந்தது. கிழித்துவிட்டேன். ஒரு வாத்தியார் வீடு தேடி வந்து கேட்டான், அவர் ஓம் என்றார்.

சிசிலியாதான் விடவில்லை.

"போன வருசம் செத்ததுகளுக்கே அழ ஆளில்லை. இவருக்கு அறுபத்தொன்பதிலை செத்ததுகள்."

"வெளியிலை வைச்சுச் சிரிச்சனாங்கள். வெளியிலைதானே நிக்கவேணும்."

"நிண்டால்? நீங்கள் நல்லவங்கள் எண்டு எழுதித் தருவாங்களோ?"

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. சபையில் வைத்துச் செய்த நக்கலுக்கு, சபையில்தான் தலை குனிய வேண்டும். அதேநேரம் செத்தவன் வீட்டுக்காரனைவிட எதிராளி முன்னுக்கு நின்று அழுதால் அது யாருடைய செத்தவீடு? படித்தவர்கள் இந்த இடத்தில் தராசைத் தூக்குவார்கள். என்னிடம் தராசில்லை. கதையை ஓட்டுகிறேன்.

5

லூர்த்தம்மா வந்தது காலை பத்துமணி போல. கொக்குவில் பக்கம் வீடு வீடாக மீன் விற்றுவிட்டு, வெறும் கடகப்பெட்டியோடு. வழியில் வாசிகசாலைக் கொடியில் பதாகை காயப் போட்டிருந்தது. ஏழு பெயர், கறுப்புப் பெயிண்டில். ஏழாவது அவளுடைய மனுசன்.

கிழக்கு முனையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. கார்த்திகையில் மரித்தவர்களுக்கு, அவர்களைப் புதைத்த சேமக்காலையில் பூசை வைக்கும்போது, வீட்டுக்காரர் கொடுக்கும் பெயரைத்தான் பங்குச் சுவாமி வாசிப்பார். அந்த வள்ளத்துக்கு ஆறு வீட்டார் பெயர் கொடுப்பார்கள். லூர்த்தம்மா கொடுப்பதில்லை. உடல் வரவில்லை, மண் போடவில்லை, முப்பத்தோராம் நாள் வைக்கவில்லை. இருபத்தாறு வருஷமாகக் கழுத்தில் தாலிக்கொடி கிடக்கிறது. சுவாமிமார் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள், வாசித்தது ஆறுதான். மேற்கு முனையில் இது ஒருவருக்கும் தெரியாது. போய்க் கேட்டால்தானே.

"சந்தியோகு அண்ணை, என்ரை மனுசன் எப்ப செத்தவர்?"

அவர் எழும்பிவிட்டார். "இரு பிள்ளை."

"இருக்க வரேல்லை. திகதியைச் சொல்லுங்கோ. உங்கடை துணியிலை எழுதிக் கிடக்கு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமெல்லே."

"நல்லதுக்குத்தான் பிள்ளை செய்யிறாங்கள். அந்த நாளையிலை சிரிச்சதுக்கு ஒரு…"

"சிரிச்சனியள். நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். ஒருக்கால் மண் அள்ளி எறிஞ்சனான், உங்கடை கோல் கீப்பற்றை கண்ணுக்குள்ளை போனது."

"அது நீயோ? அவன் ஒரு கிழமை கண்ணைக் கட்டிக்கொண்டு திரிஞ்சவன்!"

"நான்தான். சிரிக்கிறவனுக்கு மண் எறியலாம் அண்ணை. ஐந்நூறு பேர் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டால் நான் என்னத்தை எறியிறது?"

சிசிலியா பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டுவந்தாள். லூர்த்தம்மா வாங்கிக் குடித்தாள். இதில் உள்ளர்த்தம் ஒன்றுமில்லை. வெயில், அவள் நடந்து வந்தவள்.

"மற்ற ஆறு பேரையும் வாசியுங்கோ. அவையின்ரை வீட்டுக்காரர் கேக்கட்டும், அவைக்கு அது ஆறுதல். என்ரையை விடுங்கோ."

"ஆறை வாசிச்சால் மற்றவன் எங்கையெண்டு சனம் கேக்குமே."

"கேக்கட்டும். நானும் அதைத்தானே கேக்கிறன்."

[இங்கே நிற்பாட்டி ஒன்று சொல்ல வேண்டும். அவன் வருவான் என்று லூர்த்தம்மா நம்புகிறாளா? எனக்குத் தெரியாது. கெட்டிக்கார எழுத்துக்காரன் அவளுடைய நெஞ்சுக்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்து உங்களுக்குச் சொல்வான். நான் படலையோடு நிற்கிறேன். நம்பாமலும் ஒருத்தி, செத்தார் என்று கையெழுத்து வைக்க மறுக்கலாம்.]

6

சந்தியோகு பின்னேரமே வாசிகசாலைக்குப் போனார்.

"ஏழாவது பெயரை எடு."

"என்னண்ணை கதைக்கிறியள்? ஒருத்தனை விட்டால் கடற்குருவிக்காரன் என்ன சொல்லுவான்? உதிலையும் நக்கல் எண்டுவான். பன்ரண்டு வருசம் நக்கலடிச்ச வாய் எண்டுவான்."

அது நியாயமான பயம்தான். அருட்பிரகாசத்தை மடையன் என்று எழுத ஆசைப்பட்டேன். அவன் மடையன் இல்லை.

"அவங்களிலை ஒருத்தனையாவது கேட்டனியோ?"

"என்னத்தை?"

"இப்பிடிச் செய்யப் போறம், இன்ன இன்ன பெயர் எண்டு."

அருட்பிரகாசம் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"அவங்களோடை நாங்கள் கதைக்கிறேல்லையே அண்ணை."

சந்தியோகுவுக்குச் சிரிப்பு வந்தது. அழுவதற்கு ஆள் கூட்டியாயிற்று, துணி எழுதியாயிற்று, லௌட்ஸ்பீக்கருக்குக் கார் பற்றறியும் பிடித்தாயிற்று. கதைப்பது மட்டும் இல்லை.

லூர்த்தம்மா சொன்னதை அவர் சொன்னார். அவன் கேட்டான். பேனை ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றினான், பிறகு மூடினான்.

"துணியை மடிச்சுத் தைக்கலாம்," என்றான் கடைசியில். "ஏழாவது வரி உள்ளுக்கை போம். ஆனால் வாசிக்கிறது ஏழுதான். நீங்கள் ஆறோடை நிப்பாட்டினால் மற்றதை நான் வாசிப்பன். ஒரு மனுசன் செத்ததை நாங்களே மறைச்சம் எண்டு வரக்கூடாது."

"அவன் செத்ததை நீ கண்டனியோ?"

"கண்டால்தானோ அண்ணை?"

இரண்டு பேரும் வாங்கில் இருந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் எழுத வரவில்லை.

7

இறுதியாட்டம். பின்னேரம் நாலு மணி, நல்ல வெயில். இரண்டு அணியும் நடுக்கோட்டில் நிற்கிறது. மேற்குப் பக்கம் கறுப்புத் துணி. கிழக்குப் பக்கத்துச் சனத்துக்கு என்ன நடக்கப் போகிறதென்று தெரியாது. மடித்துத் தைத்த பதாகையைக் கண்டதும் முதலில் கூச்சல் போட்டார்கள், எழுதியிருந்ததை வாசித்த பிறகு அடங்கினார்கள். லூர்த்தம்மா மூலைக் கொடியடியில் நிற்கிறாள்.

எல்லாரும் எழும்பினார்கள். சந்தியோகு மைக்கைப் பிடித்தார். அருட்பிரகாசம் அவருடைய தோளோடு நின்றான், மைக்குக்குக் கை எட்டுகிற தூரத்தில்.

சிமியோன், என்று வாசித்தார். செபநாயகம். சூசைப்பிள்ளை. மடுத்தீன். பாவிலு. எஸ்தாக்கி.

ஒவ்வொரு பெயருக்கும் கிழக்குப் பக்கத்தில் யாரோ சிலுவை போட்டார்கள். எஸ்தாக்கி என்றபோது ஒரு கிழவி நிலத்தில் இருந்துவிட்டாள். அவளுக்கு இது வேண்டித்தான் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பெயரை மேற்கு முனையின் வாயில் கேட்டது அன்றுதான். இதை நீங்கள் மறந்துவிடக்கூடாது. சிசிலியா சொன்னது முழுக்கச் சரியென்று போய்விடாதீர்கள்.

இனி ஏழாவது.

முடிவு, ஒன்று: சந்தியோகு வாசித்துவிடுகிறார். எழுதிப் பார்த்தேன். பெயரின் முதல் எழுத்தோடு பென்சில் நின்றுவிட்டது. கவனித்தீர்களோ தெரியாது, இதுவரை அவனுடைய பெயரை நான் எழுதவில்லை. மறந்து விடவில்லை. இங்கே எழுதினால் நானும் அந்தத் துணியில் எழுதினவன்.

முடிவு, இரண்டு: சந்தியோகு ஆறோடு நிற்பாட்டுகிறார், அருட்பிரகாசம் மைக்குக்குக் கை நீட்டுகிறான், அவர் பற்றறி வயரைப் பிடுங்கி எறிகிறார். சனம் கைதட்டும். இது சினிமா. வேண்டாம்.

முடிவு, மூன்று: அருட்பிரகாசம் கொடியடியைப் பார்க்கிறான், மனம் மாறி —

வாத்தியார்மார் அப்படி மாறுவதை நான் கண்டதில்லை. ஆனாலும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தேவைப்படலாம்.

எனக்கு இதற்கு மேல் ஏலாது. மத்தியஸ்தர் விசிலை வாயில் வைத்தபடி நிற்கிறார், நான் ஊத விடவில்லை. ஒரு நிமிஷம் என்று சொல்லித்தான் எல்லாரையும் எழுப்பினார்கள். கால் கடுக்கிறது என்றால் கடுக்கட்டும். கொடியடியில் நிற்கிறவளுக்குக் கடுக்காதா? சந்தியோகுவின் கையில் கடதாசி. ஏழாவது வரிக்கு மேல் பெருவிரலை வைத்து மறைத்துப் பிடித்திருக்கிறார். அருட்பிரகாசத்தின் கை பாதித் தூரத்தில் நிற்கிறது.

இவ்வளவு வாசித்தபடியால் நீங்களும் மைதானத்துக்குள் வந்துவிட்டீர்கள். விரலை எடுக்கச் சொல்வதா, வேண்டாமென்பதா, அதை அவருக்குப் பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள். சொல்லுமுன் கொடியடிக்குப் போய் அவளிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

நான் உட்காரப் போகிறேன். நீங்கள் நில்லுங்கள்.