திருப்பி ஊற்றிய அமிலம்

நாலு பேர் கூடி நின்றால் போதும், வேதியியல் ஆசிரியருக்குப் பேச்சு மடை திறந்துவிடும். பெற்றோர் தினத்தன்று ஆய்வகத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். கேட்கவா வேண்டும்!

மேசையில் இரண்டு குடுவைகள். உதவியாளர் கலக்கி வைத்த இரண்டு பாட்டில்களிலிருந்து ஆளுக்கொன்றாக ஊற்றிய, ஒரே அளவு நீர்த்த அமிலம். ஒன்றை மட்டும் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கியிருந்தார். "சூடு ஏற ஏற வேகமும் ஏறும். பாருங்க, இந்தப் பக்கம் பொங்கித் தள்ளும், அந்தப் பக்கம் ஆமை வேகம்தான்," என்றபடி இரண்டிலும் சலவைக்கல் துண்டுகளைப் போட்டார்.

நடந்தது தலைகீழ். குளிர்ந்த குடுவை நுரைத்துப் பொங்கியது. சூடானதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழிகள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஆசிரியருக்கு முகம் செத்துப்போனது. சட்டென்று சுவரோரம் நின்ற ஆய்வக உதவியாளர் பக்கம் திரும்பினார். பதினெட்டு வருடமாக அந்த ஆய்வகத்தைக் கட்டிக் காப்பவர் அவர். எல்லோருக்கும் 'லேப் அக்கா'. ஆசிரியரின் வகுப்பிலேயே படிக்கும் அக்காவின் மகள் முன்வரிசையில் நின்றிருந்தாள்.

"என்னக்கா இது? ஆசிட்ல தண்ணியை ஊத்தி வெச்சிட்டீங்களா? ரெண்டு பாட்டில ஒழுங்கா கலக்கத் தெரியாதா?"

மொத்தக் கூட்டமும் அக்காவைப் பார்த்தது. அவர் முன்னால் வந்து மேசையில் வழிந்த நுரையைத் துடைத்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லோரும் போனபின், தான் சொன்னதே சரியென்று காட்டிவிட இரண்டு பாட்டில்களையும் எடுத்தார் ஆசிரியர். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு அமிலம் எடுத்து, நிறங்காட்டி கலந்து, காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அமிலம் தீர்ந்தால் இளஞ்சிவப்பு வரும். ஒன்று இருபத்திரண்டு சொட்டுவரை தாக்குப்பிடித்தது. மற்றது, சூடாக்கிய குடுவைக்கு ஊற்றிய அமிலம், ஐந்தாவது சொட்டிலேயே சிவந்துவிட்டது.

'பார்த்தாயா!' என்று நிமிர்ந்தவருக்கு மறுநொடியே ஒத்திகை நினைவுக்கு வந்தது. முந்தைய நாள் மாலை சூடான பக்கத்தை மட்டும் நான்கு முறை செய்து பார்த்திருந்தார். ஒவ்வொரு முறையும் நுரை அடங்கியபின் அமிலத்தை அதே பாட்டிலில் திருப்பி ஊற்றியது அவரேதான். புதிதாகக் கேட்கச் சோம்பல். கல்லைத் தின்றே தீர்ந்துபோன அமிலத்தை எவ்வளவு சூடாக்கி என்ன? வீரியம் இருந்தால்தானே வேகம் வரும். எடுத்ததைத் திருப்பி ஊற்றாதே என்று பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துவதும் அவரேதான்.

கை முதலில் கழுவுதொட்டிப் பக்கம்தான் போனது. கொட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? பாதி கொட்டியும்விட்டார். அப்போது குடுவைகளைக் கழுவ அக்கா உள்ளே வந்தார்.

"அக்கா... தப்பு உங்க மேல இல்ல. நேத்து நான்தான்..." கையிலிருந்த பாட்டிலைக் காட்டினார்.

"தெரியும் சார். நீங்க திருப்பி ஊத்தினதைப் பாத்தேன். இன்னிக்கும் அதையே எடுப்பீங்கன்னு நினைக்கல."

"அப்போ அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"அத்தனை பேர் முன்னாடி உங்களை எப்படி சார் சொல்றது?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆசிரியர் கூனிக் குறுகிப்போனார்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. என் பொண்ணும் அங்கதானே நின்னா?"

மறுநாள் வகுப்பில் நின்றபோது, மடை திறக்கும் அந்த வாய்க்கு நாலு வார்த்தை கிடைக்கவில்லை. "தப்பு பண்ணது நான். பழியை அக்கா மேல போட்டுட்டேன்." மணி அடித்ததும் மகள் மட்டும் மேசையருகே வந்தாள்.

"நேத்து வந்தவங்களுக்கெல்லாம் இது தெரியாதே சார்?"

அன்று மதியம் உட்கார்ந்து பெற்றோருக்கு நாற்பது கடிதங்களைக் கைப்பட எழுதினார். பக்கத்து அறையில் நகல் எடுக்கும் இயந்திரம் சும்மாதான் இருந்தது. அவருக்கு அங்கே போக மனம் வரவில்லை.

மகள் கொண்டுபோன கடிதத்தை அக்கா படித்தார். "எழுத்துப்பிழை ஒண்ணு இருக்கு சார்," என்றார் மறுநாள், சிரிக்காமல். நாற்பதிலும் அதே பிழைதான்.

அதன்பின் அக்கா பழையபடியே பேசினார், பழையபடியே பாட்டில்களை நிரப்பி வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலாவது பரவாயில்லை என்றிருந்தது ஆசிரியருக்கு. ஒவ்வொரு காலையும் அவர் "வணக்கம் சார்" என்னும்போது இவருக்கு உடம்பு கூசியது.