அக்கா கொண்டு வந்த மாவு

தங்கை வேலை பார்க்கும் உணவுப் பரிசோதனை ஆய்வகத்தின் வரவேற்பு மேசையில் அக்கா இரண்டு பைகளை வைத்தாள். குழந்தைகளுக்கான கஞ்சி மாவு அரைத்து விற்பது அவள் தொழில். சொல்லாமல் கொள்ளாமல் இங்கே வருகிறவள் இல்லை.

"கிடங்கு ஒழுகிடுச்சுடி. ஒரு மூட்டை மக்காச்சோளம் நனைஞ்சு பூஞ்சை பூத்துடுச்சு. காய வச்சு அரைச்சுடலாம்னாரு இவரு. நான் தள்ளி வச்சுட்டேன். இந்தப் பையில அதுதான். இன்னொண்ணுல வித்த மாவு. ஒவ்வொரு அரவையிலயும் கொஞ்சம் எடுத்து வச்சிருந்தேன். எல்லாம் அதே கிடங்குல கிடந்த சோளம்." அக்காவின் குரல் இறங்கியது. "நம்ம குட்டிக்கும் அதைத்தான் குடுக்கறேன்."

அக்காவின் குழந்தை குட்டிக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது.

"நல்லா வறுத்துத்தானே அரைக்கிறேன். சூட்டுல போயிடாதா?"

"பூஞ்சை சாகும்க்கா. அது கக்கின நஞ்சு அப்படிப் போகாது."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று தங்கைக்குப் பட்டது. அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

தன் சொந்தக்காரர் கொண்டு வரும் மாதிரியை யாரும் தொடக் கூடாது என்பது ஆய்வகத்தின் விதி. தங்கை பைகளைப் பக்கத்து மேசைக்காரரிடம் ஒப்படைத்தாள். அவருக்கு அங்கே 'நிதானம்' என்று பெயர். ஒரு குடுவையைக் கழுவக் கொடுத்தால் அதற்குக் கல்யாணமே செய்து வைப்பார் என்று அவரைக் கேலி செய்வதில் முதல் ஆள் இவள்தான். இன்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நஞ்சு ஒரு மூலையில் மட்டும் பதுங்கியிருக்கக்கூடும் என்று மாவை முழுவதும் கலந்தார்; நனைந்த சோளத்தையும் தனியாக அரைத்துக் கலந்தார். இரண்டையும் தனித்தனியே கரைப்பானில் குலுக்கி, வடிகட்டி, சின்னக் குப்பியில் நிரப்பிக் கருவிக்குள் வைத்தார். ஒரே ஓட்டத்தில் பலவகை நஞ்சுகளையும் அது தேடிவிடும். நஞ்சு இருந்தால் திரையில் கோடு மலைபோல் எழும். எத்தனையோ பேருடைய மாவுக்கு அந்தக் கோட்டை அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

விற்ற மாவுக்குக் கோடு தரையோடு தரையாக ஓடியது. ஓரிடத்தில் லேசாகத் தலை தூக்கியதும் அவள் திரையருகே குனிந்தாள். நிதானம் கணக்குப் பார்த்தார்.

"அனுமதிச்ச அளவுக்கு ரொம்பக் கீழம்மா. இருங்க, இன்னொரு தடவை ஓட்டிடுவோம்."

யாரும் கேட்காமலே மறுபடி ஓட்டினார். அதே கோடுதான். நனைந்த மூட்டைக்கோ இரண்டு மலைகள் திரையை முட்டிக்கொண்டு எழுந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதையும் சேர்த்து அரைச்சிருந்தா அவ்வளவுதான். உங்கக்கா கெட்டிக்காரங்க."

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் தங்கை விஷயத்தைச் சொன்னாள். அக்கா உடனே போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

"அந்த மூட்டைகிட்டப் போகாதீங்க. கோழிக்குக்கூடப் போடக் கூடாது. என்ன செய்யணும்னு இவகிட்டக் கேட்டுட்டு வரேன். வித்த மாவு நல்லா இருக்காம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆமாங்க. நல்லா இருக்காம்."

போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே, "பசிக்குதுடி," என்றாள்.

தங்கை தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். அக்கா குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த மாவு கரைந்து, வெள்ளைக் கோடாகச் சிமெண்டுத் தரையில் ஓடியது.