நீலச் சேலை மேல் விழுந்த பழி

கிழக்கு வெளுக்கும் முன்பே உப்புப் பாத்தியில் இறங்கிவிடுவோம். எங்கள் உப்பளத்து வெயில் ஏறிவிட்டால் சாமானியப்பட்டதல்ல. பறந்துகொண்டிருந்த காக்கை ஒன்று தரையில் கிடந்த தன் நிழலுக்குள்ளேயே ஒதுங்கப் பார்த்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். காலில் கீறல் இருந்தால் உப்புத் தண்ணீர் தேடிப் பிடித்துக் கடிக்கும். பலகையால் உப்பை இழுக்க இழுக்க, அடியில் விரித்த நீலப் பிளாஸ்டிக் படுதா கரகரவென்று முனகும்.

முன்பு களிமண் தரையில்தான் உப்பு விளைந்தது. மங்கலாக இருக்கிறதென்று முதலாளி படுதா விரித்தார். உப்பு வெளுத்தது. சில கோடைகள் கழிந்ததும் படுதாவும் உதிரத் தொடங்கியது.

அன்று காரைவிட்டு இறங்கும்போதே முதலாளி கத்தினார். சமையல் உப்பில் நீலத் துணுக்கு கிடக்கிறதென்று கடைக்காரர்கள் மூட்டைகளைத் திருப்பிவிட்டார்களாம். சுற்றுமுற்றும் பார்த்தார். அளம் முழுக்க விரிந்து கிடந்த படுதா அவர் கண்ணில் படவில்லை. எங்களோடு உப்பு இழுக்கும் நெட்டையக்காவின் நீலச் சேலை பட்டுவிட்டது.

"உன் சேலைதான் உதிருது. நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"இத்தனை மூட்டைக்கு உதிர்ந்திருந்தா, நான் இப்படி மானத்தோட நின்னுட்டிருப்பனாய்யா?"

மேஸ்திரி சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. அவள் கூலியில்தான் வீட்டில் நாலு வயிறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படுதாவின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கினேன். சருகாக நொறுங்கியது. உள்ளங்கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இது யாரு சேலைங்க?"

"படுதா இல்லேன்னா வெளுப்பு வராது, பெருசு. ஜனங்க வெளுப்பைத்தான் கேக்குறாங்க."

மூட்டை ஏற்ற வந்த லாரிக்காரர் குறுக்கே புகுந்தார். "அதெல்லாம் அப்போ, முதலாளி. இப்ப என் வீட்டுக்காரி உப்பைத் தம்ளர்ல கரைச்சு, வெள்ளைத் துணியில வடிகட்டிப் பாக்குறா. கண்ணுக்குத் தெரியுறதே இவ்வளவுன்னா தெரியாதது எவ்வளவுங்கறா. ஏத்திட்டு வர்றவன் நான்னு என்கூடப் பேச்சே இல்லை."

"உன் பெண்டாட்டிக்குப் பதில் சொல்லவா அளம் நடத்துறேன்? இறங்குங்க பாத்தியில!"

நெட்டையக்கா பலகையைக் கீழே போட்டு வரப்பில் உட்கார்ந்தாள். அடுத்தடுத்துப் பலகைகள் விழுந்தன.

"அக்காவை அனுப்பக் கூடாது. படுதாவை எடுங்க. அதுவரைக்கும் உப்பு இழுக்க மாட்டோம்," என்றேன்.

"வேற ஆள் கூட்டிட்டு வரேன் பாருங்க!"

"கூட்டிட்டு வாங்க," என்றாள் அக்கா. "அவங்களும் வீட்டுல உப்புப் போட்டுத்தான் ஆக்குறாங்க. விஷயத்தை நாங்க சொல்லிக்கிறோம்."

கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. வெயில் ஏறியது. வயிறு காய்ந்தது. திரும்பி வரும்போது போலீஸோடு வருவாரா, புது ஆளோடு வருவாரா, தெரியாது. லாரிக்காரர் வண்டியின் எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்கப்பா."

வரப்பு குறுகல். தோளோடு தோள் நெருங்கி இடம் விட்டோம்.