யார் முதலில் எழுந்திருப்பது

எங்கள் வேலை நாற்காலிகளை உடைப்பது. வெளிநாட்டில் பயிற்சி கிடைத்திருக்கிறது என்று நான் பெருமையாகச் சொன்னபோது, "நாற்காலிய உடைக்கறதுக்கா இன்ஜினியரிங் படிச்சே? அத உன் தம்பி சும்மாவே செய்வானே" என்றாள் அம்மா. விற்பனைக்குப் போகும் முன் நாற்காலி எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் கூடம் அது. மனிதப் பின்புறத்தின் வடிவில் கனமான ஓர் அச்சு நாள் முழுக்க இருக்கையில் உட்கார்ந்து எழுந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது மெஷினை நிறுத்தி, கால்கள் சேரும் இடத்தில் சாயம் தடவி, பூதக்கண்ணாடியால் விரிசல் பார்த்துக் குறிப்பெடுப்பது என் வேலை.

விமான நிலையத்தில் அப்பா என் காதருகே வந்து ஒரே ஒரு புத்திமதி சொன்னார். "மேலதிகாரி கிளம்பறதுக்கு முன்னாடி நீ எழுந்திரிக்காதே." அவர் வாழ்ந்ததே அப்படித்தான். நாங்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கும். அவர் கேரம் ஆடினால் கல்லூரியே கூடி நிற்குமாம். நான் பார்த்ததெல்லாம் பீரோவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்ற போர்டைத்தான்.

என் மேலதிகாரிக்கு மனதுக்குள் தாளக்காரி என்று பெயர் வைத்திருந்தேன். அம்மா வயது இருக்கும். கையில் எது கிடைத்தாலும் மேஜையில் தட்டுவார். அவர் பேசியது அவர் ஊர் மொழியில்தான், ஆனால் என் காதுக்குள் நுழைந்ததும் எல்லாம் தமிழாகிவிடும். ஐந்து மணிக்குக் கூடம் காலியாகும். தாளக்காரி மட்டும் உட்கார்ந்திருப்பார். அவர் இருக்கும்போது நான் எப்படிக் கிளம்புவது? என் வேலை முடிந்திருக்கும். ஆனாலும் எழுதிய குறிப்பையே திரும்ப அழகாக எழுதுவேன், துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைப்பேன். அவர் பென்சிலால் தட்டிக்கொண்டே என்னைப் பார்ப்பார். என் சுறுசுறுப்பை மெச்சுகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாகத் துடைப்பேன்.

இதில் பறிபோனது என் நீச்சல். அறைத்தோழியும் நானும் நகராட்சிக் குளத்தில் மாலை வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்தோம். தண்ணீரைக் கண்டாலே எனக்குப் பயம், அதனாலேயே கற்றுக்கொண்டு தீருவது என்று வந்த நாளே முடிவு செய்திருந்தேன். தோழி வாத்து மாதிரி சிறகடித்துக்கொண்டு முன்னேறினாள். நான் போனதே இரண்டொரு நாள்தான். "இன்னொரு தடவ வரலேன்னா உன் பேர எடுத்துடுவாங்களாம்டி" என்று அவள் சொன்னபோது அழுகையே வந்துவிட்டது. ஆனால் வேலைதான் முதலில். பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலைக்கு ஒருவரை எடுப்பார்கள், அது தாளக்காரியின் வார்த்தையில் இருந்தது. நீச்சல் எங்கே ஓடிவிடப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பயிற்சியின் பாதியில் தாளக்காரி என்னை அறைக்குக் கூப்பிட்டார். பாராட்டு வரப் போகிறது என்று முகத்தைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்தேன்.

"உன் வேலை சுத்தமா இருக்கு. ஆனா நேரத்துக்கு முடிக்கத் தெரியல. இப்படியே போனா உன்ன நிரந்தரத்துக்குச் சொல்ல முடியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானா? நாலு மணிக்கே முடிச்சிடுவேனே!"

"அப்புறம் தினமும் ஏன் உட்கார்ந்திருக்கே?"

"நீங்க இருக்கீங்களே. உங்களுக்கு முன்னாடி எப்படிக் கிளம்பறது?"

அவர் கையிலிருந்த பென்சில் நின்றது. "பயிற்சிக்கு வந்தவங்கள மெஷின் கூடத்துல தனியா விடக் கூடாது. நீ எழுந்திரிக்க மாட்டியான்னுதான் நான் உட்கார்ந்திருக்கேன்."

முதல் நாள் பாதுகாப்பு வகுப்பில் அதைச் சொல்லியிருப்பார்கள், நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருப்பேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அவர் ஒரு இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவராம். மாலையில்தான் ஒத்திகை. "வராத ஆளுக்கு எத்தன நாள் காத்திருப்பாங்க? என் இடத்துல வேற ஒருத்தர உட்கார வெச்சுட்டாங்க" என்று மட்டும் சொன்னார். தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"உன்கிட்ட கேக்காதது என் தப்பும்தான்," என்றார். "ஆனா வேலை இருந்தா இருப்பே, இல்லேன்னா கிளம்பிடுவே, அப்படின்னு நான் நம்பற மாதிரி நடந்துக்கோ. அதுக்கப்புறம்தான் மேல சொல்லுவேன்."

சரி, பார்த்துவிடலாம் என்று வெளியே வந்தேன். வேலையும் வேண்டும், நீச்சலும் வேண்டும். எதையும் விடுவதாக இல்லை. வேலை முடிந்தது அவர் கண்ணுக்கும் தெரியட்டும் என்று, மறுநாளிலிருந்து மெஷினைக் காலையில் வந்ததுமே ஓட விட்டேன். குறிப்புகளைக் கடைசியில் குவித்து வைக்காமல் அங்கங்கே நின்றபடியே எழுதினேன். பக்கத்து மேஜைக்காரரின் அரட்டையை மதியச் சாப்பாட்டோடு நிறுத்தினேன், அவருக்கு அதில் வருத்தம்தான். ஐந்து மணிக்கு எழுந்து, "கிளம்பறேன்" என்று உரக்கச் சொன்னேன். முதல் நாள் சொல்லிவிட்டு வாசல் வரை ஓடினேன். போகப் போகச் சரியாகிவிட்டது. குளத்தில் குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை, ஆனால் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை.

வகுப்பின் கடைசி நாள், பிடிமானம் இல்லாமல் ஆழத்தின் குறுக்கே நீந்திக் காட்ட வேண்டும். அன்றைக்குப் பார்த்து, கிளம்பும் நேரத்தில் மாடியிலிருந்து மேனேஜர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

"இத இப்பவே ஓட விட முடியுமா?"

அப்பாவின் குரல் காதில் கேட்டது. நாக்கு நுனி வரை "சரி" வந்துவிட்டது. தாளக்காரியைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வேணும் சார்?"

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள."

"அப்போ நாளைக்குக் காலையில முதல் வேலை இதுதான். மத்தியானமே சொல்லிடறேன். இப்ப ஆரம்பிச்சா பாதியில நிறுத்தணும், மறுபடி முதல்லேர்ந்து ஓட்டணும். இன்னைக்கு எனக்கு வேற இடத்துல ஒரு பரீட்சை இருக்கு."

மேனேஜர் என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். அதை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று படியேறிப் போனார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே பையை எடுத்தேன்.

வேலை போய்விட்டது என்ற பயத்தோடேதான் நீந்தினேன். நடுவில் ஒரு தடவை மூழ்கி, இருமி, மறுபடி கை வீசினேன். அந்தப் பக்கத்துக் கம்பியைப் பிடித்ததும் என் வாத்துத் தோழி கத்திய கத்தலில் குளமே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் சொன்னபடி மத்தியானமே முடிவைக் கொடுத்தேன். பின்னங்கால் இணைப்பில் முடி போல ஒரு விரிசல். மேனேஜர் பூதக்கண்ணாடியை வாங்கித் தானே பார்த்தார். "சொன்ன நேரத்துக்குக் குடுத்துட்டியே" என்றார். அந்த வாரம் முடிவதற்குள் தாளக்காரி வந்து என் மேஜையில் இரண்டு விரலால் தட்டினார். "வேலை உனக்குத்தான். அப்புறம், எனக்கு வேற குழு கெடச்சிருக்கு. ஒத்திகை அஞ்சரைக்கு, என்னைய லேட்டாக்கிடாதே."

அப்பாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். வேலையைக் கேட்டு சந்தோஷப்பட்டார், நீச்சலைக் கேட்டு பயந்தார். நானும் தாளக்காரியும் ஒருவருக்காக ஒருவர் உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னதும் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. எங்க மேனேஜரும் தினமும் என்னையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. அதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த நாள் மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம்.

"உங்கப்பா வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து நிக்கறாருடி! உடம்புக்கு என்னமோன்னு பதறிட்டேன். வந்ததும் வராததுமா பீரோவ நகத்தி கேரம் போர்ட இழுத்துக்கிட்டு இருக்காரு."

"ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலையாம்மா?"

"என்னத்தச் சொல்ல? இவரு எழுந்து பையை எடுத்ததும், மேனேஜரு அப்பாடான்னு பின்னாடியே எழுந்து வந்துட்டாராம்."